ஹோஸ்டில் எதை வைப்பது: வவுனியா நண்பருக்கு ஒரு கடிதம்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பருக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. மகளின் உயர்தரப் பெறுபேறு அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சங்க அலுவலகத்துக்குப் புதிய சேர்வர் வந்து, ஒரே கணினியில் பல மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளால் உருவாகும் தனித்தனிக் கணினிகளை) ஓட்டும் ப்ரொக்ஸ்மொக்ஸும் போட்டாயிற்று என்று எழுதியிருந்தீர். கணக்கு மென்பொருள், கோப்புப் பகிர்வு, பக்கப் (காப்புப் பிரதி) ஆகியவற்றில் எதை ஹோஸ்டில், அதாவது அந்த இயந்திரங்களைத் தாங்கும் உண்மையான கணினியில், நேரடியாக நிறுவுவது, எதை மெய்நிகர் இயந்திரங்களுக்குள் வைப்பது என்ற உமது கேள்விக்கு என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

வன்பொருளை நேரடியாகப் பார்க்க வேண்டியவையும், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டவும் நிறுத்தவும் காக்கவும் தேவையானவையும் ஹோஸ்டில் இருக்கட்டும். அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்து பயன்படுத்தும் எதுவும் அங்கே வேண்டாம். அடியில் இருப்பது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தானே, ஒரு கட்டளையில் எதையும் நிறுவலாமே என்கிறீர். நிறுவலாம், தடையில்லை, ஆனால் ஹோஸ்டில் நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பெரும்பாலும் அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் செயல்முறையைத்தான் கொல்லும், அது பெரும்பாலும் ஒரு முழு மெய்நிகர் இயந்திரமாகவே இருக்கும். எங்கோ ஒரு சிறு நிரல் வீங்கியதற்கு உமது கணக்கு சேர்வர் பலியாகும்.

செயலிகளைத் தனித்தனிப் பொதிகலன்களில் ஓட்டும் டொக்கரை ஹோஸ்டிலேயே போட்டால் இலகு என்று உமது தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர். அது தன் வசதிக்காக ஃபயர்வோல் (வலையமைப்புக் காவல்) விதிகளை மாற்றியமைத்து, ஹோஸ்ட் வழியாக ஃபோர்வர்ட் செய்யப்படும் (கடத்திவிடப்படும்) தரவுப் பொதிகளை இயல்பாகவே மறுக்கும் நிலையை ஏற்படுத்தக்கூடியது. சில அமைப்புகளில், மெய்நிகர் இயந்திரங்களை வலையமைப்போடு இணைக்கும் பிரிட்ஜ் வழியாகச் செல்லும் மெய்நிகர் இயந்திரங்களின் போக்குவரத்தும் அதில் அகப்பட்டு நின்றுவிடும். ப்ரொக்ஸ்மொக்ஸ் தயாரிப்பாளர்களே டொக்கரை ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டும்படிதான் சொல்கிறார்கள். தம்பியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லும்.

நம் ஊர்களில் முதலில் யோசிக்க வேண்டியது, மின்சாரம் போனால் பற்றரியில் தாங்கும் யுபிஎஸ். 2022இல் மின்வெட்டால் பட்ட பாட்டை நீர் மறந்திருக்க மாட்டீர். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பி ஹோஸ்டில் செருகப்பட வேண்டும், அதைக் கவனிக்கும் நட் என்ற மென்பொருளும் ஹோஸ்டிலேயே இருக்க வேண்டும். ஏனெனில் பற்றரி இறங்கும்போது எல்லா இயந்திரங்களையும் ஒழுங்காக அணைத்துவிட்டுக் கடைசியில் தானும் அணைய வேண்டியது ஹோஸ்ட்தான். இதற்கு எதிர்ப்பக்கமாக, ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளும், ஹோஸ்டின் கட்டளைகளை உள்ளே நிறைவேற்றும் கெமு கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு நிரல் நிறுவப்பட வேண்டும். ப்ரொக்ஸ்மொக்ஸ் அமைப்பில் ஏஜென்டை இயக்கிவிட்டு உள்ளே அதை நிறுவ மறந்தால், அணைக்கும் கட்டளைக்குப் பதில் வராமல் ஹோஸ்ட் காத்திருக்கும். இயல்பான காத்திருப்பு 180 வினாடி. பத்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ்ஸில் மூன்று நிமிடம் வீணாவது சிறிய விடயமல்ல. விண்டோஸ் இயந்திரங்களுக்கு இந்த ஏஜென்ட், மெய்நிகர் வன்பொருளுக்கான விர்ட்ஐஓ டிரைவர்கள் வரும் ஐஎஸ்ஓ (வட்டுப் பிம்பக்) கோப்பிலேயே இருக்கிறது.

வன்தட்டுகளின் உடல்நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட் கருவியும் ஹோஸ்டுக்கே உரியது. உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குத் தெரிவது மெய்நிகர் தட்டு மட்டும்தான். பக்கப் இரண்டு இடத்திலும் வேண்டும். முழு இயந்திரத்தின் பிரதியை ஹோஸ்ட் எடுக்கட்டும். அந்த நேரத்தில் கோப்பு முறைமையைச் சற்று உறையவைப்பதும் அதே ஏஜென்ட்தான். ஆனாலும் தரவுத்தளத்தின் டம்ப்பை (உள்ளடக்கம் முழுவதையும் எழுதிய கோப்பை) உள்ளேயிருந்து தனியாக எடுத்து வையும், ஒரு அட்டவணையை மட்டும் மீட்க வேண்டிய நாளில் அது உதவும். பிரதிகள் அதே பெட்டிக்குள் கிடப்பதில் பிரயோசனமில்லை என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கோப்புப் பகிர்வில்தான் உமது வாதத்துக்குக் கொஞ்சம் வலு இருக்கிறது. தட்டுகள் இசெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ஹோஸ்டிடம் இருக்கும்போது, கோப்புகளைப் பகிரும் சாம்பாவை ஏன் இன்னொரு அடுக்குக்குள் தள்ள வேண்டும் என்று கேட்டிருந்தீர். வேகத்தைப் பொறுத்தவரை நீர் சொல்வது சரி. ஆனால் அப்படிச் செய்தால் சங்க ஊழியர் எல்லோருடைய கணக்குகளும் கடவுச்சொற்களும் ஹோஸ்டிலேயே வந்து குடியேறும். சாம்பாவில் ஒரு ஓட்டை வெளிப்பட்டு எவரும் உள்ளே புகுந்தால், எல்லா இயந்திரங்களின் தட்டுகளும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்துகொள்ளும் இலேசான பெட்டியான ஒரு எல்எக்ஸ்சி கொண்டெய்னரில் சாம்பாவை வைத்து, இசெட்எஃப்எஸ் கோப்புறையை அதற்குள் மவுண்ட் செய்வது (இணைத்துக் காட்டுவது) நடுவழி. சலுகையற்ற, அதாவது ஹோஸ்டில் நிர்வாகி உரிமை இல்லாத, கொண்டெய்னரில் பயனர் எண்கள் 100000ஆல் தள்ளிப் பதிவாகும் என்பதால் ஹோஸ்டில் உரிமைகளை அதற்கேற்ப மாற்ற வேண்டிவரும். அது ஒரு மாலை நேர வேலை, அவ்வளவே.

இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சேர்வரை மெய்நிகர் இயந்திரத்துக்குள் வைத்தால், ஹோஸ்ட் அதை மட்டுமே நம்பியிருக்காதவாறு வெளியிலுள்ள ஒன்றையும் எழுதி வையும். எல்லாம் அமைந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கடைசி இயந்திரம் அணைய எத்தனை நிமிடம் சென்றது என்று எழுதும். பற்றரி எந்த அளவுக்கு இறங்கும்போது அணைக்கத் தொடங்குவது என்பதை அதை வைத்துத் தீர்மானிக்கலாம்.

உமது அன்பு நண்பன்