குறைவான காசும் நல்ல வடிவமைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் ஆய்வக வசதி சரியில்லை, அதனால்தான் மாணவர்கள் புதிதாக எதுவும் செய்வதில்லை என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி உண்மை. மீதிப் பாதி சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்ட்டை அங்கே ரெடிமேடாக வாங்கி, ரிப்போர்ட்டோடு கொண்டுபோய் வைக்கிற பிள்ளைக்கு எத்தனை கோடியில் ஆய்வகம் கட்டிக்கொடுத்தாலும் என்ன ஆகிவிடும்?

ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் குறைந்த காசில் எப்படி வந்தது என்று பாருங்கள். 1960களில் இங்கே கிடைத்த மேல்நாட்டு மாதிரிச் செயற்கைக் காலுக்குக் கணுக்கால் அசையாது, ஷூ போட்டே தீர வேண்டும். நம் ஆட்களோ சேற்று வயலில் இறங்குவார்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள், சம்மணம் போட்டுச் சாப்பிடுவார்கள், குந்தி உட்காருவார்கள். அதனால் பலர் அந்தக் காலை மூலையில் சாய்த்துவிட்டுப் பழையபடி ஊன்றுகோலுக்கே போய்விட்டார்கள். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இதைக் கவனித்த டாக்டர் பி.கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் கையில் இருந்ததை வைத்துத்தான் யோசித்தார்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் ஸ்பாஞ்சு ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை, சுற்றிலும் டயருக்குள் இருக்கும் நூல், அதன்மேல் தோல் நிறத்தில் ரப்பர், எல்லாவற்றையும் அச்சில் வைத்து டயருக்குச் செய்வதுபோலச் சூடேற்றி ஒட்டவைப்பது, அவ்வளவுதான். பாதம் எல்லாப் பக்கமும் வளைந்தது, தண்ணீரில் நனைந்தாலும் கெடவில்லை, ஷூவும் தேவைப்படவில்லை. அப்புறம் முழங்காலுக்குக் கீழே வரும் தண்டுப் பகுதிக்கு அலுமினியத்தை விட்டுவிட்டு, பாசனத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாயையே சூடாக்கி இழுத்துப் பொருத்தினார்கள். 1981இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடுதான் மறுபடி பரதம் ஆடினார்.

விலை குறைவு என்பதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். கேட்டதெல்லாம் கிடைக்கிற இடத்தில் அந்த ஷூ போட்ட காலையே இன்னும் கொஞ்சம் மெருகேற்றியிருப்பார்கள், ‘நோயாளிதான் பழகிக்கொள்ள வேண்டும்’ என்று சொல்லியிருப்பார்கள். இங்கே அதற்கு வழியில்லாததால் கால் மனிதருக்குப் பழக வேண்டியதாயிற்று.

இதைச் சொல்லிக் கல்லூரிக்கு ஒதுக்கும் பணத்தில் யாரும் கை வைத்துவிடக் கூடாது. லேத்தும் அளவுக் கருவிகளும் வேண்டும்தான், ஜெய்ப்பூரிலும் அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது.

நான் கேட்பது சின்ன விஷயம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வையுங்கள், சாமான் உள்ளூர்க் கடையில் கிடைப்பதாக இருக்கட்டும். யாருக்காகச் செய்தார்களோ அந்த விவசாயியோ தையல்காரரோ வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று தேர்வாளர் பக்கத்தில் உட்காரட்டும். ‘இது எனக்கு ஆகாதுப்பா’ என்று அவர் சொன்னால் மார்க் குறையட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை