வானவில் சேலையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைத்தறிச் சிறப்புப் பக்கத்தில் வந்த சாம்பல் நிறக் கோரா சேலையின் முந்தானையில் பச்சையும் ஊதாவுமாக அலை ஓடுகிறதே, சாயம் ஒழுங்காக ஏறாத சேலையையா படம் பிடித்துப் போடுவது என்று சென்ற இதழில் ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்தச் சேலையில் ஒரு குறையும் இல்லை. அந்த வண்ணம் கேமராவுக்குள் பிறந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்துகிறவன் நான். படம் எடுத்தவர் செய்த பிழைக்கு நெய்தவர் பேச்சு வாங்குவது பொறுக்கவில்லை.

கொசுவலை இரண்டு மடிப்பாகத் தொங்கும் இடத்தைப் பாருங்கள். ஒற்றை மடிப்பில் இல்லாத அலை அங்கே தெரியும். வலையைச் சற்று இழுத்தால் அலையும் நகரும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரும், பிக்சல் என்ற பொடிக்கட்டங்களால் ஆன ஒரு வலைதான். அதன்மேல் விழும் நெசவின் இழைகள் ஏறக்குறையப் பிக்சல் அளவுக்கே நெருங்கிவிட்டால் அதே அலை எழும். நிறம் வருவது வேறு கதை. பெரும்பாலான கேமராக்களில் நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சையையும், ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும் மட்டுமே வாங்கும். கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. மற்ற நிறங்களைக் கேமரா அக்கம்பக்கம் பார்த்து ஊகிக்கிறது. பொடி இழையில் ஊகம் தப்பிப்போகிறது. பிலிமில் துகள்கள் தாறுமாறாகக் கிடந்ததால் இந்தத் தொல்லை இல்லை. இதன் பெயர் முவாரே. பிரெஞ்சில் அது அலையோடும் பட்டுத்துணியைக் குறிக்கிற சொல் என்பது வேடிக்கைதான்.

முன்பு இந்த அலையைத் தடுக்கவே, சென்சாரின் முன்னால் படத்தை மயிரிழை மங்கலாக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். கூர்மை மோகத்தில் அதைப் பல கேமராக்களில் எடுத்துவிட்டார்கள். 2012இல் நிக்கான், 36.3 மெகாபிக்சல் டி800 கேமராவோடு, அந்த வடிகட்டியின் வேலையை ரத்துசெய்த டி800இ என்ற உடன்பிறப்பையும் சேர்த்தே விற்றது.

நானும் பட்டிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் பொடிக்கட்டச் சட்டை போட்ட தாய்மாமன். மேடையில் எடுத்த படங்களில் எல்லாம் அவர் சட்டையில் மட்டும் மழைநீரில் பெட்ரோல் சிந்தியதுபோல் பளபளப்பு. கேமராவின் சின்னத் திரையில் எனக்குத் தெரியவில்லை. ஆல்பம் போன பிறகு அவரே கடைக்கு வந்தார், அதே சட்டையோடு.

அன்றுமுதல் பொடி நெசவு கண்ணில் பட்டால் இரண்டு படம் எடுப்பேன்: ஒன்று நின்ற இடத்திலிருந்து, இன்னொன்று ஓரடி முன்னோ பின்னோ போய். பெரும்பாலும் அதுவே போதும். சேலையைச் சற்றுச் சாய்த்தும் பார்க்கலாம். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/16க்குக் குறைத்தால் ஒளி லேசாகச் சிதறி இழைகள் மழுங்கும். கூர்மை கொஞ்சம் போகும், போகட்டும். கணினியில் படம் திருத்தும் மென்பொருளில் இதற்கென்று தூரிகை இருக்கிறது. அது நிறத்தைத் தணிக்கும், வெளிர்ப்பும் கருமையுமான அலையை அவ்வளவாகத் தொடாது. கை தவறினால் பக்கத்துக் கரையின் சிவப்பையும் தின்றுவிடும்.

உங்கள் அச்சகத்தாருக்கு இது புதிதல்ல. நான்கு வண்ண அச்சில் கறுப்பு, மெஜந்தா, சயான் புள்ளிவரிசைகளை 30 டிகிரி விலக்கி வைப்பதே இந்த அலைக்குப் பயந்துதான். பக்கம் வடிவமைப்பவர்களிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: படத்தைச் சுருக்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சுருக்கும்போது இல்லாத அலையும் தோன்றும், இருக்கிற அலையும் மறையும். நூறு சதவீத அளவில் முந்தானையை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பட்டும்.

அந்தச் சேலையை மறுபடி படமெடுத்துப் போட்டு, சாயத்தில் பழுதில்லை என்று இரண்டு வரி சேர்த்தால் நெய்தவர் வீட்டில் மகிழ்வார்கள்.

இப்படிக்கு,
ஸ்டுடியோக்காரர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.