கால்வினை எனக்கு அறிமுகப்படுத்திய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு, டீச்சர் எழுதுவது. கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

இதை வாட்ஸ்அப்பிலேயே உனக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நம் சபையிலேயே உன்னைப் போல நாலைந்து பேர் இருக்கிறீர்கள். பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் லீவில் வந்தால் வீட்டுக்கு வீடு, பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர் ஜான் கால்வினின் உபதேசத்தைப் பற்றித்தான் பேச்சு என்று கேள்விப்படுகிறேன். அதனால் உன் பெயரைப் போடாமல் பொதுவில் எழுதுகிறேன். திட்டுவதற்காக எழுதவில்லை. முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும், அதை இதுவரை நான் சரியாகச் சொன்னதே இல்லை.

அங்கிள் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஓர் ஊழியக்காரர் வந்து அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். போகும்போது என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வீட்ல அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்கம்மா. விசுவாசம் குறைஞ்சா சுகம் தங்காது" என்றார். அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசாத நாட்கள், தசமபாகம் கொடுக்காத மாதங்கள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்த வருஷம் புதுவருஷ ஆராதனையில் அங்கிளுக்கு விழுந்த வாக்குத்தத்த அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. எரேமியா 30:17. காயங்களை ஆற்றுவேன் என்கிற வசனம். அதை வெளியே எடுத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் நீ வந்தாய். ராத்திரி பஸ்ஸில் வந்து, முகம்கூடக் கழுவாமல், கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் திறந்தாய். 1563இல் ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் ஊரில் எழுதிய, கால்வின் வழிச் சபைகளின் வினாவிடை என்று சொன்னாய். முதல் கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாய். "வாழ்விலும் சாவிலும் உன் ஒரே ஆறுதல் என்ன? நான் எனக்குச் சொந்தம் இல்லை. உடலும் ஆத்துமாவும் என் உண்மையுள்ள இரட்சகர் இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம்." சொந்தம் என்ற இடத்தில் உனக்குத் தொண்டை அடைத்தது. அங்கிள் கையை லேசாகத் தூக்கி, இன்னொரு தரம் வாசி என்று காட்டினார். அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான் இருந்தார். அந்த ஒன்பது நாளும் நான் பாவக்கணக்கு பார்க்கவில்லை, தம்பி. அவர் விசுவாசம் கூடியதா குறைந்ததா என்று அளக்கவும் இல்லை. எங்களைப் பிடித்திருப்பது எங்கள் விசுவாசத்தின் பலம் இல்லை என்று தெரிந்தபோது மூச்சுவிட முடிந்தது. இதை எனக்குக் கொண்டுவந்தவன் நீ.

அதனால் நீ ஏன் இதில் விழுந்தாய் என்று என்னிடம் யாரும் விளக்க வேண்டாம். ஆசீர்வாதம், உயர்வு, திறந்த வாசல் என்று வாராவாரம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். வாலிபர் கூட்டம் என்றால் பாட்டு, விளையாட்டு, பஃப்ஸும் டீயும். ரோமர் 9ஆம் அதிகாரத்தில் யாக்கோபையும் ஏசாவையும் பற்றி நீ கேட்ட கேள்விக்கு ஓய்வுநாள் பள்ளியில் நானே சரியாகப் பதில் சொல்லவில்லை. பெரியவன் ஆனதும் புரியும் என்று சொல்லி அனுப்பினேன், அது என் தப்பு. பெரியவன் ஆனாய். ஜான் பைப்பர், ஆர். சி. ஸ்ப்ரோல் என்கிற அமெரிக்கப் பிரசங்கிகள் ஒரு மணி நேரம் ஒரே வசனத்தில் நின்று பேசுவதை யூடியூபில் கேட்டாய். 2009இல் டைம் பத்திரிகை உலகத்தை மாற்றுகிற 10 கருத்துகளில் ஒன்றாகப் புதிய கால்வினியத்தைப் போட்டது. அப்போது அது அமெரிக்க வாலிபர்களின் கதை. இன்றைக்கு அது மூஞ்சிக்கல் பஸ் ஸ்டாப்பில் இயர்போன் மாட்டி நிற்கிற பிள்ளைகளின் கதையும்தான். பசித்த பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்திருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் கிறிஸ்துமஸ் லீவில், "நம்ம சபைக்கு இந்த உபதேசமே தெரியாது டீச்சர்" என்று சொன்னாய் பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த மலையில் கால்வின் உனக்கு முன்னால் குடியேறியவர். கொடைக்கானல் ஊரே அமெரிக்கன் மதுரா மிஷனால் உண்டானது. 1834இல் மதுரைக்கு வந்தவர்கள், காய்ச்சலிலும் காலராவிலும் மனைவி பிள்ளைகளை வரிசையாகப் புதைத்தார்கள். சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. கடைசியில் 1845இல் இங்கே ஏறி வந்து சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடு கட்டினார்கள். அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்கிற மிஷனரிச் சங்கம், கால்வின் வழி நின்ற நியூ இங்கிலாந்து பியூரிட்டன்களின் பேரப்பிள்ளைகள் 1810இல் தொடங்கியது. நீ இப்போது போனில் படிக்கிற உபதேசம் அவர்கள் பெட்டியில் இருந்தது. அந்தச் சபைகள் 1908இல் பிரஸ்பிட்டேரியன்களோடு சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன்களோடும் மெதடிஸ்டுகளோடும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆயின. கால்வினின் பிள்ளைகளும் மெதடிஸ்டுகளின் முன்னோடி வெஸ்லியின் பிள்ளைகளும் ஒரே திருவிருந்தில் முழங்கால் போட்ட நாள் அது. "பிளவுண்ட மலையே" என்று துக்கவீடுகளில் பாடுகிறோமே, அதை எழுதிய டாப்ளடி, இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவனே முன்குறித்துத் தெரிந்துகொள்கிறார் என்கிற தெரிந்தெடுப்பைப் பற்றி வெஸ்லியோடு கடுமையாகச் சண்டை போட்ட கால்வினிஸ்ட். அங்கிள் அடக்கத்தில் நீயும் அதைத்தான் பாடினாய். உபதேசத்தை நாங்கள் மறந்துவிட்டோம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். தெரியவே தெரியாது என்று மட்டும் சொல்லாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாலிபர் வகுப்பில் கால்வினியத்தின் ஐந்து கோட்பாடுகளை நீ வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டாய். அவை நெதர்லாந்தில் 1618-19இல் டார்ட் நகரத்தில் கூடிய மாமன்றத்தில் வந்தவை; கால்வின் 1564இலேயே இறந்துவிட்டார். அந்த டார்ட் தீர்மானங்களைத் தன் விசுவாச அறிக்கையாக வைத்திருந்த டச்சு சீர்திருத்த சபையிலிருந்துதான் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். அவர் பேத்தி ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள், பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் இல்லாமல், செத்துப்போனதைப் பார்த்து மருத்துவம் படித்து, வேலூரில் ஆஸ்பத்திரி கட்டி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியவர். 1960இல் அவர் கண்ணை மூடியது இங்கே, நம் கொடைக்கானலில். தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு அந்த அம்மாள் முகம்தான் வரும்.

மதுரா மிஷன்காரர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடம் இல்லை என்று 1847இல் உறுதியாக நின்றார்கள். உபதேசியார்கள் பலரையே அதனால் இழந்தார்கள். தேவன் நம்மிடம் ஒரு தகுதியும் பார்க்காமல் தெரிந்துகொண்டார் என்றால், பந்தியில் ஒருவனுக்கு மேல் ஒருவன் உட்கார முடியாது. நம் சபைகளில் இன்றைக்கும் கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் என்ன விசாரிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். உங்கள் வாலிபர் வகுப்பு ஐந்து வாரம் நடந்தது. நிபந்தனையற்ற தெரிந்தெடுப்பைப் பற்றி ஒரு வாரம் முழுக்கப் பேசினீர்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் நான் எழுந்து நின்று ஆமென் சொல்லியிருப்பேன்.

சரி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி வகுப்பு முடிகிற நேரம் நம் கோயிலில் மணி அடிக்கிற பெரியவர் நாற்காலிகளை அடுக்க வந்தார். நீ நல்ல மனதோடுதான் கேட்டாய், எனக்குத் தெரியும். "தாத்தா, நீங்க இரட்சிக்கப்பட்டவரா? எப்படி நிச்சயமா சொல்றீங்க?" அவர் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "பேரனைத் தோள்ல போட்டுக்கிட்டு பனியில மேடேறி வருவேன் தம்பி. பாதி வழியில தூங்கிருவான், கை விட்டுரும். நான் விட்டுருவனா?" பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. ஆனால் பலகையைப் பார்த்துத் திரும்பி, இது உணர்ச்சி, உபதேசம் இல்லை, உண்மையாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு நிச்சயம் வேறு மாதிரி இருக்கும் என்று சொன்னாய். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பி, உன் பலகையில் ஐந்தாவதாக எழுதியிருந்தது என்ன? பரிசுத்தவான்களின் நிலைத்திருத்தல்; தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசி வரை கைவிடமாட்டார் என்பது. அந்த மனுஷன் அதைத்தானே சொன்னார்? எழுத்துத் தெரியாத வாயிலிருந்து வந்ததால் உனக்குக் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த இரண்டு ஞாயிறும் வேறு ஆள்தான் மணி அடித்தார். மூன்றாம் வாரம் வில்பட்டி ரோட்டுக்கு மேலே இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல், "டீச்சர், அந்த லிஸ்ட்ல நான் இல்லையா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்ற அதே இடத்தில் அவர் நின்றார். அன்றைக்கு என்னை அங்கே நிறுத்தியவர் விசுவாசத்தின் அளவைக் கேட்டார். நீ உபதேசத்தின் அளவைக் கேட்டிருக்கிறாய். அன்றைக்கு என்னை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தவனும் நீதானே.

உன் கால்வின் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. நீ வாங்கிக் கொடுத்த அவருடைய இன்ஸ்டிடியூட்ஸ் என்கிற பெரிய புத்தகத்தை, 1559இல் அவர் முடித்த வடிவத்தை, இந்தக் குளிர்காலம் முழுக்க மெதுவாகப் படித்தேன். மூன்றாம் பாகத்தில் 20ஆம் அதிகாரம் ஜெபத்தைப் பற்றியது, நீ...ளமான அதிகாரம். தெரிந்தெடுப்பு அதற்குப் பிறகு 21இல்தான் வருகிறது. முழங்காலில் நிற்கப் பழகியவனிடம்தான் அதைப் பேசுகிறார். அதுவும் எச்சரிக்கையோடு; தேவனுடைய இரகசியத்துக்குள் துருவிப் போகிறவன் வெளியே வர வழியில்லாத இடத்தில் மாட்டிக்கொள்வான் என்கிறார். நான் தெரிந்துகொள்ளப்பட்டவனா என்று பார்க்கக் கிறிஸ்துவைத்தான் கண்ணாடியாகக் காட்டுகிறார். அடுத்தவனைப் பார்க்க அதில் கண்ணாடி கிடையாது. டார்ட் மாமன்றமும் குழந்தையிலேயே பிள்ளையை இழந்த விசுவாசிகளான பெற்றோர் அதன் இரட்சிப்பைச் சந்தேகப்பட வேண்டாம் என்று எழுதி வைத்தது. கால்வினும் பிறந்த மகனை 1542இல் புதைத்தவர். பலகையில் எழுதும்போது இந்தப் பக்கங்களையும் எழுது.

1 கொரிந்தியர் 4:7ஐ நீதான் எனக்குக் காட்டினாய். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" உபதேசமும் பெற்றுக்கொண்டதுதான், தம்பி.

அடுத்த லீவில் வரும்போது நேரே என் வீட்டுக்கு வராதே. முதலில் வில்பட்டி ரோட்டுக்குப் போ. மன்னிப்புக் கேட்கிற விதம் உனக்குத் தெரியும், அதை நான் சொல்லித்தர வேண்டாம். பிறகு அந்த முதல் கேள்வியையும் பதிலையும் அவருக்கு வாசித்துக் காட்டு, அன்றைக்குச் சொன்ன அதே தட்டுத்தடுமாறின தமிழில். சத்தமாக வாசி, அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். சொந்தம் என்ற இடத்தில் அங்கிளுக்கு நிறுத்தின மாதிரி நிறுத்து. முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட வாருங்கள். நான் இலை போட்டு வைக்கிறேன்.

ஜெபத்துடன்,
டீச்சர்
கொடைக்கானல்