பாத்திரம் கழுவும்போது நீ கேட்ட கேள்வி

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகும் உன் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டால் தூங்கியிருப்பாய், அதனால் எழுதுகிறேன். நீ போயிருக்கிற பல நாட்டு இளைஞர்களின் அமைதி முகாமைப் பற்றி எவ்வளவோ சொன்னாய், மேடையில் தடுமாறாமல் பேசியது, தெரியாத மொழிகளில் எல்லாம் பாட்டுப் பாடியது என்று கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த உரையாடல் அமர்வைப் பற்றி ஆரம்பித்ததும் உன் குரல் உடைந்துவிட்டது.

அண்ணனைப் போரில் பறிகொடுத்த பையன் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்த்தரப்பு நாட்டுப் பெண் தங்கள் பக்கம் செத்தவர்களைப் பற்றிச் சொல்ல எழுந்ததும், நீ நடுவில் புகுந்து "இரண்டு பக்கமும் இழப்புதானே" என்றதும், அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உன் மேலேயே கோபப்பட்டதும், நீ அழுதுகொண்டு வெளியே வந்ததும். "இந்த வேலைக்கு எனக்குத் தகுதி இல்லைம்மா" என்றாய். சரி, அதைக் கொஞ்சம் ஓரமாக வை. மறுநாள் காலையில் நடந்ததைப் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனாயே, பாத்திரம் கழுவும் முறை வந்தபோது அந்தப் பையன் பக்கத்தில் போய் நின்று அவன் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன், அவன் சொல்லி முடிக்கும்வரை நான் வாயே திறக்கவில்லை என்று. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

வீட்டில் யார் குரல் உயர்ந்தாலும் ஓடி வந்து சமாதானம் பண்ணுகிற பிள்ளை நீ. நல்ல மனசுதான். ஆனால் அந்த அவசரத்தில், நமக்கு இருக்கிற சங்கடம் சீக்கிரம் தீர வேண்டும் என்பதும் கலந்திருக்கும் இல்லையா? அண்ணனைப் பற்றிப் பேசுகிறவனிடம் கணக்கைச் சரிசெய்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னால் அவனுக்கு வலிக்கத்தான் செய்யும், நீ சொன்னது உண்மையாகவே இருந்தாலும். அதை யாரும் விளக்காமலே ஒரே ராத்திரியில் புரிந்துகொண்டு திரும்பிப் போயிருக்கிறாய். மேடைப் பேச்சை யாரும் பழகிக்கொள்ளலாம். இது அப்படி வருவதில்லை.

இன்னொன்றும் சொன்னாய், சமையல், துப்புரவு என்று நேரம் வீணாகிறது, அந்த நேரத்தில் இன்னொரு அமர்வு வைத்திருக்கலாம் என்று. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1920-ல், பிரான்சில் வெர்டனுக்குப் பக்கத்தில் தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் கிராமத்துக்கு ஒரு சின்னக் குழுவைக் கூட்டிப்போனார். அதில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள், இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அந்த மண்ணில் எதிரியாக இருந்த நாட்டுக்காரர்கள். போனவர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கவில்லை. மண்வெட்டி எடுத்து இடிபாட்டை அள்ளினார்கள், மரக் குடிசை கட்டினார்கள், பாதையைச் சரிசெய்தார்கள். ஜெர்மானியர்கள் அங்கே இருப்பதற்கு எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களிலேயே முகாமை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பார்த்தவர்கள் தோல்வி என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் குழுவிலிருந்துதான் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு வளர்ந்தது, 1934-ல் பீகாரில் நிலநடுக்கம் வந்தபோது அதே செரெசோல் இந்தியாவுக்கு வந்து கிராமங்களைத் திரும்பக் கட்டுகிற வேலையில் நின்றார், அந்த அமைப்பின் பெயரில் இன்றைக்கும் இளைஞர்கள் முகாம்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பகையுள்ள இரண்டு கூட்டத்தாரைச் சும்மா ஒரே இடத்தில் உட்கார வைத்தால் வெறுப்பு குறைந்துவிடாது, சமமான இடத்தில் நின்று, ஒரே குறிக்கோளுக்காகச் சேர்ந்து வேலை செய்யும்போதுதான், அதற்கு மேலிடத்து ஆதரவும் இருக்கும்போதுதான், குறைய வாய்ப்பு உண்டு என்று. யோசித்துப் பார், அவன் உன்னிடம் மனம் திறந்தது அமர்விலா, பாத்திரம் கழுவும் இடத்திலா?

அப்புறம், பெரியவர்கள் வந்து உங்களை வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று குறைப்பட்டாயே, அது நியாயமான கோபம். ஐநா பாதுகாப்பு சபை 2015 டிசம்பர் 9 அன்று 2250-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியபோது 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு அமைதி முயற்சிகளில் முடிவெடுக்கும் இடத்திலேயே பங்கு வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அடுத்த தடவை யாராவது வந்தால் மரியாதையாகவே அந்த எண்ணைச் சொல்லி, உட்காரும் இடம் எங்கே என்று கேள்.

எனக்குக் கவலை நீ திரும்பி வந்த பிறகுதான். அங்கே கோபப்பட்டாலும் எல்லாரும் அமைதி வேண்டும் என்று வந்தவர்கள், இங்கே செய்தி பார்த்துக்கொண்டே "அவன்களை ஒழித்துக்கட்ட வேண்டும்" என்று பேசுகிற சொந்தக்காரர்களோடு உட்கார வேண்டியிருக்கும். உடனே பாடம் எடுக்கக் கிளம்பாதே. அந்தப் பையனிடம் காட்டிய பொறுமையை அவர்களிடமும் காட்ட முடிகிறதா என்று பார், அது இன்னும் கஷ்டம், ஏனென்றால் அவர்கள்மேல் உனக்கு ஏற்கெனவே கோபம் இருக்கும்.

முகாம் முடிவதற்குள் ஒன்று மட்டும் செய். அந்த இரண்டு பேரோடும் உட்கார்ந்து, அவர்கள் நாடுகளுக்கிடையே மறுபடி சண்டை மூண்டால் நீங்கள் மூவரும் என்ன செய்வீர்கள் என்று இப்போதே பேசி வைத்துக்கொள். அப்படி ஒரு நாள் வந்தால் யார் முதலில் எழுதுவது, என்ன எழுதுவது என்று தெரியாமல் எல்லாரும் மௌனமாகிவிடுவார்கள், அந்த மௌனத்தை ஒவ்வொருவரும் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், அப்படியே உறவு அறுந்துவிடும். யார் பக்கம் நியாயம் என்பதைக் குழுவில் எழுதுவதற்கு முன்னால், தனியாகக் கூப்பிட்டு வீட்டில் எல்லாரும் பத்திரமா என்று கேட்பது என்ற அளவுக்காவது ஒரு ஏற்பாடு இருக்கட்டும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா