பீகார் தானாப்பூரில் இருக்கும் மகளுக்கு

தங்கச்சிமடம்
ஜூன் 5

அன்பு பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உனக்கு பேங்கில் கூட்டம், எனக்கு அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரிக்கிற நேரம். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். காகிதம் என்றால் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

பென்ஷன் வாங்க வந்த பெரியவர் எந்த ஊரம்மா என்று கேட்டு, நீ ராமேஸ்வரம் பக்கம் என்றதும், "சரவணன் சாஹிப் ஊரா?" என்றாராம். நீ முழித்தாயாம். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது, முழிக்காமல் என்ன செய்வாய். இங்கேயே யாரைக் கேட்டாலும் முதலில் கலாம் பெயர்தான் வரும். பேய்க்கரும்பு நினைவிடத்துக்கு பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். கார்கில் சண்டையில் உயிரை விட்ட மேஜர் சரவணன் பெயரைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்கள்.

மாரியப்பன் சரவணன். 1972 ஆகஸ்ட் 10-ம் தேதி ராமேஸ்வரத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர்தான். கல்லூரிப் படிப்பு, குடும்பம் எல்லாம் திருச்சியில். அதனால் திருச்சிக்காரர்கள் எங்கள் பிள்ளை என்பார்கள், நாம் நம்ம தீவுக்காரர் என்போம். அவர்களுக்குத்தான் உரிமை அதிகம் என்று எனக்குத் தோன்றும். நினைவிடம் கட்டி வைத்திருப்பது அவர்கள். கண்டோன்மென்ட் பகுதியில் இருக்கிறது. சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது நான் பார்த்தேன். ஒவ்வொரு மே 29-ம் தேதியும் அங்கே மலர் வைப்பார்கள். இந்த வருஷமும் போன வாரம் வைத்திருப்பார்கள்.

தமிழ்நாட்டுக்காரர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். அதிகாரிகளை அப்படி ஊர் பார்த்துப் போடுவதில்லையாம். அவர் இருந்தது 1 பீகார், அதாவது பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன், காலாட்படை. அந்த ரெஜிமென்ட்டின் தலைமை மையம் எது தெரியுமா? நீ தினமும் ஆட்டோவில் தாண்டிப் போகிற அதே தானாப்பூர் கண்டோன்மென்ட். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா என்று அந்தப் பக்கத்துப் பையன்கள்தான் அதில் நிறைய. சண்டையில் அவர்கள் போடுகிற கோஷம் ஒன்று "பிர்சா முண்டா கி ஜெய்", இன்னொன்று "ஜெய் பஜ்ரங்பலி". பிர்சா முண்டா அந்தப் பக்கத்துப் பழங்குடித் தலைவர், அந்தக் கோஷத்தை வேண்டுமானால் மேஜர் அங்கே போய்க் கற்றிருப்பார். ராமேஸ்வரத்தில் பிறந்தவருக்கு ஆஞ்சநேயரை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1999 மே மாதம் கார்கில். அதில் படாலிக் என்று ஒரு பகுதி, சிந்து நதிப் பள்ளத்தாக்குக்கு மேலே. அங்கே ஜுபார் மலையில் பாயிண்ட் 4268 என்ற இடத்தைப் பிடிக்கிற வேலை இவர் கம்பெனிக்கு. பட்டாளத்தில் மலையின் உயரத்தையே மீட்டர் கணக்கில் பெயராக வைத்துவிடுகிறார்கள். 4268 என்றால் 14,000 அடி. கடல் மட்டத்தில் பிறந்த நமக்கு கொடைக்கானலிலேயே காது அடைக்கும். கொடைக்கானல் அதில் பாதிதான் இருக்கும். எதிரி ஏற்கெனவே மேலே கல் அடுக்கி பதுங்கு குழி கட்டி உட்கார்ந்துவிட்டான். பகலில் ஏறினால் எண்ணி எண்ணிச் சுடுவான். அதனால் மே 28 ராத்திரி இருட்டில் ஏறினார்கள்.

விடிவதற்குள் முடியவில்லை. மேலிருந்து சரமாரியாகச் சுட்டார்கள். மேஜர் ராக்கெட் லாஞ்சரால் பதுங்கு குழிக்குள் அடித்து இரண்டு பேரை வீழ்த்தினார். அவருக்கும் வயிற்றில் காயம். திரும்பி வரச் சொல்லி உத்தரவு வந்தும் முன்னால்தான் போனார். இன்னும் இரண்டு பேரை வீழ்த்திய பிறகு தலையில் குண்டு பட்டது. மே 29 காலை. வயது 26, கல்யாணம் ஆகவில்லை.

கடைசியாக வயர்லெஸ்ஸில் என்ன சொன்னார் என்று ஒரு வசனம் ஆளுக்கு ஒரு மாதிரி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. செய்ததே போதும், அதற்கு மேல் வசனம் எதற்கு?

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. உடம்பு வரவில்லை. எடுக்கப் போனவர்கள் மேலும் மேலிருந்து சுட்டார்கள். ஜூன் மாதம் முழுக்க அவர் அந்தப் பனியிலேயே கிடந்தார். ஜூலையில் நம் ஆட்கள் அந்த இடத்தைப் பிடித்த பிறகுதான் எடுத்துவர முடிந்தது. அதுவரை திருச்சியில் அவருடைய அம்மா.

நான் அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. குழாயடியில், ஏலக்கூடத்தில், சர்ச் வாசலில் எங்கே பார்த்தாலும் பொம்பளைகள் கேட்டது ஒன்றுதான், "உடம்பு வந்துச்சா?" சண்டையில் யார் எந்த மலையைப் பிடித்தார்கள் என்று ஆம்பளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்தப் பேச்சு ஏறவில்லை. இந்தக் கரையில் உடம்பு வராத வீடு எத்தனை என்று உனக்கே தெரியும். 1964 புயலில் தனுஷ்கோடியோடு போனவர்களில் தொடங்கி எத்தனை பேர். கடலுக்குப் போனவன் திரும்பாவிட்டால், ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால்தான் செத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவரை பொட்டு வைப்பதா அழிப்பதா, காரியம் செய்வதா வேண்டாமா, பேங்கில் இருக்கிற பணத்தை யார் எடுப்பது என்று எதுவும் முடிவாகாது. அந்த அம்மாவுக்கு மகன் இல்லை என்று தெரியும், எங்கே கிடக்கிறான் என்றும் தெரியும், தொட முடியாது. இரண்டில் எது கொடுமை என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீர் சக்ரா கொடுத்தார்கள். போர்க்களத்து வீரத்துக்குத் தருவதில் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, அதற்கடுத்தது இது. வெள்ளிப் பதக்கம், நடுவில் ஐந்து முனை நட்சத்திரம், நாடாவில் பாதி நீலம் பாதி காவி.

நீ கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அதே 1 பீகார், அதே நாள், அதே தாக்குதலில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் என்பவரும் செத்தார். அவருக்கும் வீர் சக்ரா. அவர் உன் பாட்னா பக்கத்துக்காரர். "இங்க நம்ம ஆளுன்னு ஒருத்தர்கூட இல்லம்மா" என்று போன மாதம் அழுதாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு வீர் சக்ரா அது ஒன்றோடு நிற்கவில்லை. திருவாடானை பக்கம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி உனக்கு நினைவிருக்கும். 2020 ஜூன் 15, கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதல். அவர் பீரங்கிப் படை. அங்கேயும் ஒரு பீகார் பட்டாலியன்தான் முன்னால் நின்றது, 16 பீகார். அதன் கமாண்டரும் அன்றைக்கே போனார். மொத்தம் 20 பேர். ஊரடங்கு நேரம், இருந்தும் பழனியை அவர் ஊருக்கே கொண்டுவந்து மரியாதை செய்தார்கள். டிவியில் பார்த்துவிட்டு நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தம்பி இப்போது அக்னிவீர் என்று ஆரம்பித்திருக்கிறான், ராணுவத்தில் நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கிறார்களே, அது. விடிகாலையில் எழுந்து பாம்பன் ரோட்டில் ஓடுகிறான். உன் அப்பாவுக்கு உள்ளூரப் பெருமை. நாலு வருஷம் முடிந்து வந்தால் அப்புறம் என்ன என்று நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவன் உன்னிடம் கேட்டால் உனக்குத் தோன்றுவதைச் சொல், நான் சொல்லச் சொன்னதாக எதையும் சொல்லாதே.

தடைக்காலம் 14-ம் தேதிதான் முடிகிறது. அப்பா போட்டைக் கரையேற்றி பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். கையில் காசு இல்லை என்று நீ பதறி அனுப்ப வேண்டாம், இருக்கிறது. நெத்திலிக் கருவாடு நன்றாகக் காய்ந்ததும் பார்சலில் வரும். ஹாஸ்டலில் வாடை என்று யாராவது சொன்னால் வெளியே வைத்து வறு.

அந்தப் பெரியவர் அடுத்த மாதமும் பென்ஷனுக்கு வருவார் இல்லையா. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு உட்காரவை. எந்த பட்டாலியனில் இருந்தார், மேஜரை நேரில் பார்த்தவரா, கேள்விப்பட்டவரா என்று கேள். நேரில் பார்த்தவர் என்றால், நம்மூர்க்காரர் அந்தப் பையன்களிடம் இந்தி எப்படிப் பேசினார், உன்னை மாதிரிதான் தடுமாறினாரா என்றும் கேள். அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுதி அனுப்பு, உன் இந்தியில் புரிந்த வரைக்கும் போதும்.

அம்மா