அஞ்சு ஸ்டார் போட்டவங்கள விடு பாப்பா

பாப்பா,

நேத்து போன வச்சதுல இருந்து நீ சொன்னதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. இப்ப இங்க காலைல ஆறரை, கோப்பி ஆறிட்டு இருக்கு, அங்க லண்டன்ல நீ இன்னும் லேப்டாப்ப மூடியிருக்க மாட்டன்னு தெரியும். "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கச் சொல்ற அந்த புக்குக்கு ஆயிரக்கணக்கான பேர் அஞ்சு ஸ்டார் போட்டு வாழ்க்கையே மாறிடுச்சுன்னு எழுதியிருக்காங்கம்மா, என்னால ஒம்போது நாள் கூட அஞ்சு மணிக்கு எந்திரிக்க முடியல, எனக்குத்தான் மன உறுதி இல்ல"ன்னு சொன்னியே, அப்பவே பதில் சொல்லியிருக்கணும், அழுதுருவேன்னு பயந்து பேச்ச மாத்திட்டேன்.

போன சனிக்கிழம லைப்ரரில எங்க வாசிப்புக் கூட்டம். இந்த மாசம் உடம்பு, மனசு, முன்னேற்றம் இது சம்பந்தமா ஆளுக்கு ஒரு புக் படிச்சுட்டு வந்து கருத்து சொல்லணும்னு பேச்சு. தமிழ் புக்கும் இருந்துச்சு, இங்கிலீஷ் புக்கும் இருந்துச்சு. நல்லா இருக்குன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேர் ரெண்டு நாள் முன்னாடிதான் கடைசிப் பக்கத்த முடிச்சிருந்தாங்க. அந்த சூட்டுல எல்லா புக்கும் நல்லாதான் இருக்கும் கண்ணு, எனக்கும் அப்படித்தான் இருந்துருக்கு. செஞ்சு பாத்து சரிவராதவங்க கருத்தெல்லாம் எழுதறதில்ல, பேசாம புக்கத் திருப்பிப் போடற பெட்டில போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. நீ படிச்ச அந்த ஆயிரம் பேர்ல அவங்க இல்ல.

கூட்டத்துல ஒரு அங்கிள், ரிட்டையர் ஆன பஸ் டிரைவர், மூச்சுப் பயிற்சி பத்தின புக் கொண்டு வந்திருந்தார். அதையே நாலு தடவ இரவல் வாங்கிட்டாராம். தினமும் புளோக்குக்குக் கீழ கல் பெஞ்சுல பத்து நிமிஷம் உக்காந்து செய்யறேன்னு சொன்னார். பக்கத்துல இருந்த அவர் வீட்டம்மா "இப்பல்லாம் சாப்பாட்டு நேரத்துல கத்தறதில்ல, தட்ட நகத்தறதில்ல"ன்னு மெதுவா சொன்னாங்க. அந்த ஒரு வரிக்காகவே நான் அந்த புக்க ரிசர்வ் பண்ணிட்டேன். இன்னொரு பொண்ணு, உன் வயசுதான், நர்ஸு, நல்லாத் தூங்கறது எப்படின்னு ஒரு புக். பத்து மணிக்குப் படுக்கணும், ரூம இருட்டாக்கணும்னு எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு, ஆனா எனக்கு மாசத்துல பாதி நாள் நைட் ஷிஃப்ட், இதுல நான் எங்க இருக்கேன்னு கேட்டுச்சு. யாராலயும் பதில் சொல்ல முடியல. எனக்கு உன் ஞாபகம்தான் வந்துச்சு. ஆடிட் சீசன்ல வீட்டுக்கு வர்றதே பதினொன்னு, சாப்பிட்டுப் படுக்க பன்னெண்டர, அஞ்சு மணிக்கு எந்திரிச்சா நாலர மணி நேரத் தூக்கம். பெரியவங்களுக்கு ஏழு மணி நேரமாவது வேணும்னு எல்லா டாக்டரும் சொல்றாங்க. ஒம்போதாவது நாள் உன்ன எந்திரிக்க விடாம படுக்க வச்சது உன் உடம்பு பாப்பா, அதப் போயி மன உறுதி இல்லன்னு சொல்லாத.

அப்புறம் அந்த 21 நாள் கணக்கு, 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்னு உன் புக்குலயும் இருக்குன்னு சொன்னல்ல. நம்ம லைப்ரரில ஒரு புக்க வச்சுக்கறதும் 21 நாள்தான், அதனால இந்த நம்பர் எனக்கு மறக்கறதே இல்ல. அது எங்கருந்து வந்துச்சுன்னு தேடிப் பாத்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணி முகம் மாறினவங்களுக்கு அந்தப் புது முகம் பழக கொறஞ்சது ஒரு 21 நாளாவது ஆகுதுன்னு 1960ல எழுதினார். வாய் மாறி வாய் மாறி அந்த "கொறஞ்சது" காணாமப் போயி எல்லாருக்கும் 21 நாள் போதும்னு ஆயிடுச்சு. உண்மையா அளந்து பாத்தவங்க நீ இருக்கற லண்டன்லயே இருக்காங்க, யூனிவர்சிட்டி காலேஜ்ல, 2009ல வந்த ஆராய்ச்சி. 96 பேர், மதியச் சாப்பாட்டோட ஒரு பழம், தண்ணி குடிக்கறது இந்த மாதிரி ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கம். தன்னால வர்ற அளவுக்கு ஆக நடுவாந்தரமா 66 நாள் ஆச்சு, கணக்குப் போட்டதுல ஒருத்தருக்கு 18 நாள், இன்னொருத்தருக்கு 254 நாள் வரைக்கும் போகுது. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனாலும் பெருசா ஒன்னும் கெட்டுப் போகலையாம். இதத்தான் உனக்கு முதல்ல சொல்லணும்னு நெனச்சேன்.

இன்னொன்னு, உங்கிட்ட இதுவரைக்கும் சொல்லல. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் ஒரு புக்க நம்பினேன். சாப்பாட்டாலயே சக்கர நோய விரட்டலாம்னு, பின்னட்டைல எத்தன பேர் கருத்து, எல்லாம் என் வயசுக்காரங்க. சோத்தக் கொறச்சேன், கோப்பிய ஓ கோசோங், அதான் பாலும் சக்கரையும் இல்லாம ஆக்கினேன், அது வரைக்கும் நல்லதுதான். காலைல அளந்தா நம்பர் கொறஞ்சுது, அந்த தைரியத்துல யாரையும் கேக்காம மெட்ஃபார்மின்ங்கற சக்கர மாத்திரைய நிறுத்திட்டேன். மூணு மாசம் கழிச்சு எச்பிஏ1சின்னு ரத்தப் பரிசோதன எடுத்தா 6.9 இருந்தது 8.4. அது ஒரு நாள் சக்கரையக் காட்டறதில்ல, ரத்தத்துல செவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோட இருக்கும், அதுல ஒட்டியிருக்கற சக்கரைய வச்சு ரெண்டு மூணு மாசக் கணக்கச் சொல்லிடும். டாக்டர் திட்டல. புக்க வாங்கிப் பிரிச்சு முதல் பக்கத்துல பொடி எழுத்துல இருந்த வரிய விரல வச்சுக் காட்டினார், மருந்த மாத்தறதுக்கு முன்னாடி உங்க டாக்டரக் கேளுங்கன்னு போட்டிருந்துச்சு. அம்பது பக்கத்துக்குப் பென்சில்ல கோடு போட்டவ அந்த ஒரு வரியப் படிக்கல. உங்கிட்ட மறச்சதுக்கு மன்னிச்சுக்கோ, நீ டிக்கெட் போட்டுக் கெளம்பி வந்துடுவன்னுதான்.

அதுக்கப்புறம் யார் என்ன புக்கு நல்லா இருக்குன்னு சொன்னாலும் எவ்வளவு நாளா செய்யறீங்க, வீட்டுல என்ன சொல்றாங்கன்னு ரெண்டு கேள்வி கேட்டுடறேன். கூட்டத்துலயும் இனிமே படிச்சு மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ திரும்பிப் பேசணும்னு சொல்லியிருக்கேன், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

அந்த புக்கத் தூக்கிப் போடச் சொல்லல, அதுல எழுதி வைக்கறது பத்தின அத்தியாயம் உனக்குப் புடிச்சிருந்துச்சுல்ல, அத மட்டும் வச்சுக்கோ. அலாரத்த ஏழரைக்கு மாத்து. சீசன் முடியட்டும், வெயில் வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்.

எனக்கு அடுத்த ரத்தப் பரிசோதன ஆகஸ்ட்ல. நல்லதோ கெட்டதோ நம்பர் வந்த அன்னைக்கே அனுப்பறேன், இனிமே மறைக்க மாட்டேன். அதுவரைக்கும் நீயும் தினமும் எத்தன மணிக்குப் படுத்தன்னு ஒரு வரி மட்டும் எனக்கு மெசேஜ் போடு. கீழ்வீட்டு ஆண்ட்டி மகன் அடுத்த வாரம் அங்க வருது, பருப்புப் பொடியும் இக்கான் பிலிஸ் நெத்திலி வறுத்ததும் குடுத்து விடறேன்.

அம்மா