அரிக்கேன் விளக்கு அணையவில்லை

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆலையில் பாகு காய்ச்சுகிறோம், கவுந்தப்பாடி சந்தைக்கு இந்த வாரமும் சர்க்கரை மூட்டை போகிறது.

கப்பல் வேலைக்குப் போகுமுன் முதலுதவிப் பயிற்சியில் நீ எழுதின நோட்டை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டாய். பாப்பா பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினாள். சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். என் வலது கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டேன். பாகு தெறித்த அன்றைக்கு மஞ்சளை அரைத்து அப்பினார்கள், ஒருத்தர் இங்க்கைக்கூட ஊற்றினார். தண்ணீர்த் தொட்டி பத்தடி தூரத்தில்தான் இருந்தது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. மூடிய அறை, தொட்டி என்று நீ கோடு போட்டு வைத்திருந்த பக்கத்துக்காக.

உன் சின்ன அப்பாரு கிணற்றில் இறந்தார் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். முழுக்கதையை நான் சொன்னதில்லை. அப்போது எனக்கு 19 வயது. மேட்டாங்காட்டுக் கிணறு, 70 அடி ஆழம். கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டது. மேலே இருந்து இழுத்தால் பம்பு எடுக்காது, அதனால் ஆயில் இன்ஜினையே கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கியிருந்தோம். இன்ஜினை நிறுத்த இறங்கியவர் சத்தமே இல்லாமல் சாய்ந்துவிட்டார். பெரியவர்கள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். விளக்கு நின்று எரிந்தது. காற்று நல்லாத்தான் இருக்கு என்று நம்பி பக்கத்துத் தோட்டத்துக்காரர் இறங்கினார். அவரும் எழவில்லை. மூன்றாவதாக நான் இடுப்பில் கயிறு கட்டிவிட்டேன். உன் ஆத்தா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த கோபம் ரொம்ப நாள் தீரவில்லை.

ஆக்சிஜன் குறைந்தால் விளக்கு அணையும். ஆனால் இன்ஜின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு அது அணையாது, மணமும் வராது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆனது. உங்கள் கப்பலில் ஆள் சாய்வதற்குப் புகைகூடத் தேவையில்லை. மூடிக் கிடக்கும் தொட்டியில் இரும்பு துருப்பிடிக்கிறபோதே காற்றில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும், நிலக்கரியும் மரக்கட்டையும் அப்படித்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். வெளியே 21 சதவீதம் இருப்பது உள்ளே எவ்வளவு என்பதைக் கண்ணோ மூக்கோ சொல்லாது, மீட்டர்தான் சொல்லும்.

வாய்க்காலில் விழுந்த ஆட்டுக்குட்டிக்காக யோசிக்காமல் குதித்த பிள்ளை நீ. அதுதான் எனக்குப் பயம். உள்ளே ஒருத்தன் விழுந்து கிடந்தால் முதலில் அலாரம் அடி. மூச்சுக் கருவி மாட்டிய ஆட்கள் வரும்வரை வாசலிலேயே நில். நிற்பது கல் மாதிரி கனக்கும், எனக்குத் தெரியும் சாமி. மூடிய இடத்தில் விழுந்தவனை மீட்கிற ஒத்திகையைக் கப்பலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்று 2015 முதல் சட்டமே இருக்கிறது. கணக்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதே, உண்மையிலேயே செய்.

அப்புறம் இன்னொன்று. தீயணைப்புக்கும் கடலில் உயிர் தப்பும் பயிற்சிக்கும் 5 வருஷத்துக்கு ஒருமுறை திறமையைக் காட்ட வேண்டும், முதலுதவிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று பாப்பா தேடிப் படித்துச் சொன்னாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சான்றிதழ் பெட்டியில் இருக்கும், கை மறந்துவிடும். நெஞ்சை 30 தடவை அழுத்தி 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று அவள் தலையணையில் அழுத்திக் காட்டினாள். சீக்கிரமே களைத்துவிட்டாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓய்வு நேரத்தில் கூட இருக்கிற பையன்களைச் சேர்த்துக்கொண்டு நீயும் செய்து பார்.

நூறு பேருக்குக் குறைவான கப்பலில் டாக்டர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையாமே. ரோமில் சி.ஐ.ஆர்.எம். என்ற மையம் 1935 முதல் எந்த நாட்டுக் கப்பலுக்கும் காசு வாங்காமல் மருத்துவம் சொல்கிறது என்று கேட்டு மனசு கொஞ்சம் ஆறியது. அவர்கள் நாடித்துடிப்பு எவ்வளவு, மூச்சு எவ்வளவு, எத்தனை மணிக்கு விழுந்தான் என்றுதான் கேட்பார்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்த முறை சிக்னல் கிடைத்துப் பேசும்போது, உங்கள் கப்பலில் அந்த மீட்டரை எங்கே வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்டு வைத்துச் சொல். நான் கேட்பேன்.

அப்பா